கருவாட்டுக் கடைக்கு எந்த சிஎம்எஸ்?

கேள்வி: பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த எங்கள் மகளிர் குழு கருவாடு, முண்டு மிளகாய் வத்தல், கருப்பட்டி ஆகியவற்றைப் பொட்டலமிட்டு விற்கிறது. வெளியூர் வாடிக்கையாளர்களுக்காக வலைத்தளம் அமைக்க இருவரிடம் விலை கேட்டோம். ஒருவர், தாமே உருவாக்கிய சிஎம்எஸ் (தளத்தின் எழுத்து, படங்களை நாமே ஏற்றவும் மாற்றவும் உதவும் மென்பொருள்) என்று சொல்லி 38,000 ரூபாயும் ஆண்டுக்கு 9,000 ரூபாயும் கேட்கிறார். மற்றவர் ட்ரூபல் 7 என்ற சிஎம்எஸ்ஸில் 22,000 ரூபாய்க்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். மாதிரித் தளம் இரண்டுமே அழகாக இருக்கின்றன. எங்களுக்குப் பொருந்துவது எது என்று எப்படி அறிவது?
- வாசகி, தேவிபட்டினம்

பதில்: இரண்டாவதை உடனே ஒதுக்கிவிடுங்கள். ட்ரூபல் 7 வெளிவந்தது 2011-இல். பாதுகாப்புத் திருத்தங்கள் உள்ளிட்ட அதற்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. ட்ரூபல் தரமான மென்பொருள்தான் என்றாலும், 7-இலிருந்து இன்றைய பதிப்புகளுக்கு மாறுவது ஏறக்குறையப் புதிதாகக் கட்டுவதற்குச் சமம் என்பதால், 22,000 ரூபாயை விரைவில் மீண்டும் ஒருமுறை செலவழிக்க நேரும்.

முதலாமவரின் சொந்தத் தயாரிப்பைப் பார்த்த மாத்திரத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தொழிலை விட்டுவிட்டால் அதைத் திறந்து பழுது பார்க்க வேறு ஆள் கிடைப்பது அரிது. ஆகவே பொருட்பட்டியல், படங்கள், வாடிக்கையாளர் முகவரிகள் அனைத்தையும் ஒரே கோப்பாக இறக்கித் தர முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்ற வாய்ச்சொல்லை ஏற்காமல், உங்கள் கண்முன்னே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

மாதிரித் தளத்தின் அழகு வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் அன்றாடம் புழங்கப் போவது அதன் பின்பக்கத்தில். எனவே ஒரு மணி நேரத்துக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வாங்கி, குழுவில் கணக்கு எழுதும் அக்காவிடம், அவருடைய கைபேசியிலேயே கொடுங்கள். விற்பவர் பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை வரும்போது, சில கருவாட்டு வகைகளை மட்டும் ‘இருப்பில் இல்லை’ என்று ஒரே தடவையில் மாற்ற அந்த அக்காவால் முடிகிறதா? கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால், தளம் தானாகச் சுருக்கிக்கொள்கிறதா, அல்லது நான்கைந்து எம்பி படத்தையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறதா? ஒவ்வொரு பொருளுக்கும் நிகர எடையையும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணையும் இட இடம் இருக்கிறதா? இவற்றில் அவர் எங்கே திணறுகிறார் என்பதுதான் உங்களுக்கான மதிப்பீடு.

நான் பரிந்துரைப்பது வேர்ட்பிரஸ். 2003 முதல் இருந்துவரும் இலவச மென்பொருள் அது; கடை தேவையானால் வூகாமர்ஸ் என்ற நீட்சியை (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) சேர்த்துக்கொள்ளலாம். ராமநாதபுரத்தில் ஒருவர் கைவிட்டாலும் மதுரையில் இன்னொருவர் கிடைப்பார். அதிலும் குறைகள் உண்டு. தமிழில் தலைப்பு வைத்தால், அந்தப் பக்கத்தின் இணைய முகவரிக்கு அது ஒதுக்கும் 200 குறியீட்டு எழுத்துகளில், ஒரு தமிழ் எழுத்தும் அதன் கொம்பு, புள்ளி போன்ற ஒவ்வொரு குறியும் ஒன்பதை விழுங்கிவிடும். ‘ராமநாதபுரம் முண்டு மிளகாய் வத்தல்’ என்று எழுதினால் முகவரி ‘மிளகா’வோடு நின்றுபோகும். (நம் பேச்சுவழக்குப்படி அதுவும் சரிதான்!) முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக மாற்றிக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய தொல்லை, நீட்சிகளைப் புதுப்பிக்காமல் விடுவது. மாதம் ஒருமுறை அதைச் செய்ய ஒருவருக்கு ஊதியம் பேசிக்கொள்ளுங்கள்.

இருபது பொருளுக்குள், யூபிஐ வழியாகப் பணம் பெற்று, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பதாக இருந்தால் வூகாமர்ஸும் வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் தளத்தை உருவாக்கியவர் டொமைன் பெயரை (தளத்தின் இணைய முகவரி) தம் பெயரிலேயே பதிந்துவைத்துக்கொண்டு, தர மறுக்கிறார். நுகர்வோர் ஆணையத்தை அணுகலாமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: முதலில் எழுத்துமூலம், கால வரம்பு குறித்து, டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழில் மூலம் வாழ்வாதாரத்துக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு விலக்கு உண்டு; ஆனால் சேவைக்கு அச்சட்டம் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. பணம் செலுத்திய சான்றையும், டொமைன் உங்களுக்கானது என்று காட்டும் குறுஞ்செய்திகளையும் எடுத்துவைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பாருங்கள். அதன் பிறகே மாவட்ட ஆணையம்.