மாட்டு டாக்டர் பதில்கள்

கேள்வி: என் மகள் கால்நடை மருத்துவம் முதலாமாண்டு படிக்கிறாள். எப்போது கேட்டாலும் உடலியங்கியல்தான். நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ ஒரு பேச்சும் இல்லை. நன்றாக இருக்கிற மாட்டைப் பற்றிப் படிக்க அப்படி என்ன இருக்கிறது, டாக்டர்?

பதில்: நிறைய இருக்கிறதம்மா. எங்களிடம் வருகிற நோயாளி எதுவும் வாய்விட்டுச் சொல்லாது. நல்ல உடம்பு எப்படி ஓடும் என்று அத்துப்படியாக இருந்தால்தான், எது கெட்டது என்று பிடிக்க முடியும்.

உங்கள் மகளை ஒரு மாட்டின் இடது விலாவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். உள்ளே முதல் வயிறு புரளுவது கைக்குத் தெரியும்: நிமிடத்துக்கு ஒன்று, சில சமயம் இரண்டு. ஸ்டெதஸ்கோப் வைத்தால் தூரத்து இடி மாதிரி கேட்கும். வளர்ந்த மாட்டில் அந்த வயிறு 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அங்கே தீவனத்தை நொதிக்க வைப்பது நுண்ணுயிர்கள். அப்போது உண்டாகும் அமிலத்தை மட்டுப்படுத்தத்தான் மாடு அசைபோட்டு அசைபோட்டு, நாளொன்றுக்கு 100 லிட்டர் அளவுக்கு உமிழ்நீரை விழுங்குகிறது. வாயு ஏப்பமாக வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். வழி அடைபட்டால் வயிறு உப்பி உயிருக்கே ஆபத்து. புரளல் எத்தனை என்று தெரியாதவர் அந்த மாட்டுக்கு என்ன வைத்தியம் பார்ப்பார்?

அப்புறம், ஒன்றுக்கு இயல்பானது இன்னொன்றுக்கு இயல்பில்லை. சும்மா நிற்கிற குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரைதான். மேசைமேல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பூனைக்கு 200ஐத் தொட்டாலும் நான் பதற மாட்டேன். 39 டிகிரி செல்சியஸ் நமக்குக் காய்ச்சல், ஆட்டுக்குச் சாதாரணம், கோழியோ 41ஐத் தாண்டியும் சுகமாக மேயும். பூனைக்குச் சூடு என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலைக் கொடுத்துவிடுகிறார்கள். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. ஒரே மாத்திரையில் உயிர் போகலாம். கல்லீரல் பாடத்தை ஒழுங்காகப் படித்த பெண்ணுக்கு இதை யாரும் தனியாக எச்சரிக்க வேண்டியதில்லை. சிறுநீரகப் பாடம் வந்ததும் தூக்கம் வருகிறது என்பாள். அது எல்லாருக்கும் வருவதுதான், விட்டுவிடுங்கள்.

கேள்வி: புது ஆள் கறந்தால் எங்கள் பசு பாலை அடக்கிக்கொள்கிறது. பிடிவாதமா?

பதில்: பிடிவாதமில்லை, மிரட்சி. மடியைத் தடவிக் காம்பைத் தொட்டதும் பாலை இறக்குகிற ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து, ஒரு நிமிடம் போல ஆனதும் பால் இறங்கும். மிரண்டுபோனால் பயத்தில் சுரக்கிற அட்ரினலின் என்ற ஹார்மோன் குறுக்கே வந்து அதைக் கெடுத்துவிடும். அடித்தால் இன்னும் மோசம். வழக்கமான ஆள் கறக்கும்போது புதியவரையும் கொஞ்ச நாள் பக்கத்தில் நிற்க வையுங்கள். ஆக்சிடோசினின் வேகம் சில நிமிடங்கள்தான். அதனால் பால் இறங்கிய பிறகு போன் பேசிக்கொண்டிருக்காமல் கறந்து முடிக்கச் சொல்லுங்கள்.