நானோ படிக்க அனுப்பலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஐ.சி.எஃப்.பில் 34 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு பெரம்பூரில். மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, நானோ பொருட்களில் பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்கிறாள். சென்னையிலேயே இடம் கிடைக்கும் போலிருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர், "அந்த அலையெல்லாம் ஓய்ந்துபோச்சு, இருபது வருஷமா கட்டுரைதான் வருது, சாமான் வரலை" என்கிறார். இன்னொருவர், கீழடிப் பானையிலேயே நானோ இருக்கிறது, முன்னோருக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இதனால் உண்மையில் என்ன பயன்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

க., பெரம்பூர்

அன்புள்ள க. அவர்களுக்கு,

கீழடியை முதலில் முடித்துவிடுகிறேன். செய்தி உண்மைதான். கீழடிப் பானைகளின் கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் (கார்பன் அணுக்களால் ஆன, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய குழாய்கள்) இருப்பதாக வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் குயவருக்குக் குழாயைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. எந்தச் சூளையில், எந்தப் பூச்சு பிடிக்கும் என்பது தெரிந்திருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக உரியாமல் நிற்கிற பூச்சுக்கு அந்தக் கைப்பழக்கமே போதும், அதுவே பெரிய பெருமை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள இரும்புக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு சவரன் எடை. ஆறு முகங்களையும் சேர்த்தால் 6 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக நறுக்க முடிந்தால், மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். நம்மூர்க் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கு மேல்! எடை அதே ஒரு சவரன்தான்.

பரப்பில் இருக்கிற அணுவுக்கு ஒரு பக்கம் பிடிமானம் கிடையாது. கிடைத்ததைப் பற்றிக்கொள்ளப் பார்க்கும். நானோ துகள் மற்றப் பொருள்களோடு வேகமாக வினைபுரிவதெல்லாம் இதனால்தான். தொல்லையும் இதிலிருந்தே வருகிறது, ஏனென்றால் பற்றிக்கொள்ள வேறு எதுவும் கிடைக்காவிட்டால் துகள் பக்கத்துத் துகளையே பற்றிக்கொள்ளும். கேப்பங்கூழ் காய்ச்சுகிறவர்களுக்கு இது தெரியும். மாவை நேராக வெந்நீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். நானோ பொறியியலில் பாதி வேலை கட்டி தட்டாமல் பார்த்துக்கொள்வது. மீதிப் பாதி, அதைப் பல வருடம் அப்படியே வைத்திருப்பது. உங்கள் சொந்தக்காரர் கேட்கிற சாமான் தாமதமாவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தாமதமாகும், ஆனால் வரும். மேற்கு வங்கத்தில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்திருக்கிறது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு இதற்குத் தீர்வாக எடுத்துக்கொண்டது, துருவுக்கு உறவான ஓர் இரும்பு ஆக்சைடை. நானோ அளவில் அது ஆர்சனிக்கை நன்றாகப் பிடிக்கும். ஆனால் நாளாவட்டத்தில் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு, பிடிக்கும் திறனை இழந்துவிடும். அதனால் கைட்டோசன் என்ற பொருளால் அதற்கு ஒரு கூண்டு கட்டினார்கள். இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருந்து எடுப்பது அது. கூண்டுக்குள் இருக்கும்வரை துகள் மாறுவதில்லை. செய்வதும் தண்ணீரிலேயே, அறை வெப்பத்திலேயே. இதை வைத்துச் செய்த வடிகட்டி இன்று கிராமங்களில் தண்ணீர் கொடுக்கிறது. இதை எழுதும்போது எனக்கு மனது நிறைகிறது.

அப்புறம், உங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒன்று. கல்பாக்கத்தில் வேக ஈனுலை என்ற வகை அணு உலைகளுக்கான எரிபொருள் குழாய்க்கு ஒரு எஃகை ஆராய்ந்து வருகிறார்கள். கடும் சூட்டில் பாரம் தாங்குகிற எஃகு மெல்ல மெல்ல நீளும், உங்களுக்கே தெரியும். உள்ளே அணு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குவதால் வருகிற நீட்சி அது. சில நானோமீட்டர் அளவுள்ள யிட்ரியம் ஆக்சைடு துகள்களை உள்ளே தூவிவிட்டால் அந்தச் சறுக்கலுக்கு முட்டுக்கட்டை விழும். நூற்றில் அரைப் பங்குகூட வேண்டாம். ஆனால் உருக்கிய எஃகில் போட்டால் ஆக்சைடு எடை குறைவு என்பதால் மேலே மிதந்து கட்டி தட்டிவிடும், கூழ் கதைதான். ஆகவே உருக்குவதே இல்லை. எஃகுப் பொடியையும் ஆக்சைடுப் பொடியையும் உலோகக் குண்டுகளோடு ஒரு உருளையில் போட்டு மணிக்கணக்கில் அரைத்து, சூட்டில் அழுத்திக் குழாயாகத் தள்ளுகிறார்கள்.

டயரும் இந்த வகைதான். ரப்பரின் இயல்பு நிறம் கருப்பில்லை. அதில் கலக்கிற கார்பன் கரி நானோ அளவுள்ளது, தேய்மானத்தைக் குறைப்பது அதுதான். நானோ என்ற பேச்சு வருவதற்கு வெகுகாலம் முன்பே வந்த சாமான்.

சொந்தக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இங்கே ஒரு ஆய்வகத்தில், முதல் தடவை அருமையாக வந்த பொடி அடுத்த மூன்று தடவையும் வராமல் போனதை நானே பார்த்தேன். கட்டுரை முதல் தடவையை வைத்தே வெளிவந்தது. எனக்கு அது வேதனையாக இருந்தது. உங்கள் மகள் சேருவதற்கு முன் அங்கிருக்கிற மூத்த மாணவர்களிடம் சில விஷயங்களைக் கேட்கட்டும். ஒரு தடவைக்கு எத்தனை கிராம் செய்கிறார்கள்? போன மாதம் செய்தது இந்த மாதமும் அப்படியே வருகிறதா? ஆறு மாதம் ஈரத்தில் வைத்து யாராவது சோதித்தார்களா? நம் கடற்காற்றில் நிற்காத பூச்சு எண்ணூரில் என்ன வேலைக்கு ஆகும்? இவற்றுக்கு நேராகப் பதில் வருகிற இடமென்றால் தயங்காமல் அனுப்புங்கள்.

ஒன்று மட்டும் நீங்களே அவளிடம் சொல்லுங்கள். கிரைண்டிங் சக்கரத்தின் முன்னால் கண்ணாடி போடாமல் நின்றிருக்க மாட்டீர்கள். உலர்ந்த நானோ பொடியும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலின் அடிவரை போகும். கார்பன் நானோகுழாயில் ஒரு வகையை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. பொடியை எடை போடுவது காற்றை வெளியே இழுக்கிற பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும், முகக்கவசத்தோடு. மின்விசிறிக்கு அடியில் மேசையில் வைத்து எடை போடுகிற ஆய்வகமாக இருந்தால், எவ்வளவு பெயர் பெற்றதானாலும், வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள்.