சைக்கிள் கடை வேலைக்கு எங்கே கற்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் புதுவயலைச் சேர்ந்தவன், வயது 23. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு இங்குள்ள அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். காரைக்குடியில் கியர் சைக்கிள் விற்கும் கடை ஒன்றில் மெக்கானிக் வேலைக்குக் கேட்டேன். தீபாவளி கழித்து வரும்படியும், ஒரு வண்டியைக் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகவும் முதலாளி சொல்லியிருக்கிறார். வெளியூரில் கட்டணம் கட்டிப் பயிற்சி பெறலாம் என்கிறார் ஒரு நண்பர். வீடியோ பார்த்தாலே போதும் என்கிறார் இன்னொருவர். எங்கள் தெருமுனையில் பெரியவர் ஒருவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அங்கே பஞ்சரும், எப்போதாவது வண்டியை முழுக்கப் பிரித்துப் பூட்டும் ஓவராயிலும் தவிர வேறு வேலை வருவதில்லை. கியர், டிஸ்க் பிரேக் எதுவும் தெரியாத இடத்தில் உட்கார்ந்தால் நாள்தான் வீணாகுமோ என்று தயங்குகிறேன். டிப்ளமோ படித்தவன் சைக்கிள் கடைக்குப் போவதா என்பது அம்மாவின் வருத்தம். நீங்கள் இளவயதில் தேவகோட்டையில் சைக்கிள் கடையில் வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

மு., புதுவயல்

அன்புள்ள மு.,

பெரியவரிடமே போய் உட்காருங்கள். கியரும் டிஸ்க் பிரேக்கும் அங்கே வருவதில்லை என்பது உண்மைதான், ஆனால் அவை இரண்டும் பெரும்பாலும் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில், பேரிங் குண்டுகளை நிறுத்தும் கோனை எந்த அளவுக்கு இறுக்கி நிறுத்துவது, கோட்டம் விழுந்த ரிம்மில் எந்தக் கம்பியில் கை வைப்பது என்பவை விரல் பழகிக் கற்க வேண்டியவை. அவற்றை எத்தனை வீடியோ பார்த்தாலும் கற்றுவிட முடியாது. விலை கூடிய சைக்கிள்களில் மூடிய பேரிங் வந்துவிட்டது என்றாலும், நம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டும் சாதாரண கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் இன்னமும் கோனும் குண்டும்தான் இருக்கின்றன.

ஓவராயிலுக்கு வரும் ஒரு கறுப்பு சைக்கிளை அவர் பிரிக்கும்போது உடனிருந்து பாருங்கள். முன் ஹப்பில் 3/16 அங்குலக் குண்டு, பின் ஹப்பில் 1/4 அங்குலக் குண்டு என்பதையும், கோனில் குழி விழுந்திருந்தால் புதிய குண்டும் கிரீஸும் போட்டுப் பயனில்லை என்பதையும் ஒரே நாளில் தெரிந்துகொள்வீர்கள். ஆனால் ஆக்ஸிலை விரல்களுக்கிடையில் சுழற்றும்போது கரகரப்பும் இருக்கக்கூடாது, ரிம்மைப் பிடித்து ஆட்டினால் ஆட்டமும் இருக்கக்கூடாது என்ற அந்த நடு இடத்தைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆகும். இது கைவந்த பிறகு, கியர் சைக்கிளில் நெம்புகோலால் பூட்டும் குவிக் ரிலீஸ் ஆக்ஸில் பூட்டும்போது சற்று அழுந்தும் என்பதால், பூட்டுவதற்கு முன் இம்மியளவு ஆட்டம் விட்டு வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அதன் காரணம் உங்களுக்கு உடனே விளங்கும்.

கோட்டம் எடுப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. ஹப்பின் வலப்பக்க விளிம்பிலிருந்து வரும் கம்பி ரிம்மை வலப்பக்கம் இழுக்கும், இடப்பக்கக் கம்பி இடப்பக்கம் இழுக்கும். எனவே ரிம் இடப்பக்கம் ஒதுங்கிய இடத்தில் வலக்கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, இடக்கம்பிகளை அதே அளவு தளர்த்த வேண்டும். விதி இவ்வளவுதான், ஆனால் ஓரிடத்தில் செய்த திருத்தம் பக்கத்து இடத்தைக் கெடுக்கும் என்பதால், பதறாமல் சிறிது சிறிதாகச் சுற்றி வரும் பொறுமை வேண்டும். கம்பியின் நுனியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள், டயர்ப் பக்கமிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகத் திருப்பும்போது இறுகும். ஹப் பக்கமிருந்து பார்க்கிறவருக்கு அது தலைகீழாகத் தோன்றும் என்பதால், புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தளர்த்த வேண்டியதை இறுக்கிவிடுவார்கள். பழைய கறுப்பு சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 கம்பிகள். பழைய இரும்புக் கடையில் ஒரு ரிம்மும் ஹப்பும் வாங்கி, எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டுத் திரும்பக் கோத்துப் பாருங்கள். பெரியவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை கழற்றிக் கழற்றிக் கோத்துக்கொண்டே இருங்கள். கியர் சைக்கிளின் பின் சக்கரத்தில் பல்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக ஹப்பின் வலப்பக்க விளிம்பு உள்ளே தள்ளியிருப்பதால், வலக்கம்பிகள் இடக்கம்பிகளைவிட இறுக்கமாகவே நிற்கும். அதைக் கோளாறு என்று நினைத்து இரண்டையும் சமமாக்கினால் ரிம் நடுவை விட்டு விலகிப் போகும். டிஸ்க் பிரேக் வண்டியில் இன்னொரு சங்கடம் உண்டு. ரிம்மைப் பிரேக் கட்டை பிடிப்பதில்லை என்பதால் கோட்டம் விழுந்தாலும் ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை. கம்பிகள் தளர்ந்து ஒவ்வொன்றாக அறுந்த பிறகுதான் வண்டி கடைக்கு வரும். வேறு எதற்காக வந்த வண்டியானாலும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பார்த்துவிடும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

பஞ்சரை இளக்காரமாக எழுதியிருக்கிறீர்கள். சீமைக் கருவேலம் மண்டிய நம் சீமையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சைக்கிளும் முள்ளுக்குத் தப்புவதில்லை. டியூபில் ஒட்டுப் போட்டுவிட்டு, டயருக்குள் முறிந்து நிற்கும் முள்முனையைத் தேடாமல் காற்றடித்து அனுப்பினால், வண்டி மாலைக்குள் திரும்பி வரும். உப்புத்தாளால் தேய்ப்பதும், சொலுஷன் ஒட்டாத பதத்துக்குக் காயும்வரை காத்திருப்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவசரத்தில் எல்லோரும் தவறவிடுவதும் அவற்றைத்தான்.

அங்கே கற்பவற்றில் சிலவற்றை அங்கேயே விட்டுவிட்டு வரவும் வேண்டும். பழைய கிராங்கை (பெடலைத் தாங்கும் தண்டை) இறுக்கும் காட்டர் பின்னைத் தட்டி எடுக்கும் சுத்தியலுக்கு அலுமினியக் கிராங்கில் வேலையில்லை; அதற்கென்று உள்ள இழுப்பானால்தான் கழற்ற வேண்டும். பலம் உள்ளவரை இறுக்குவது என்ற வழக்கம் இரும்புக்குப் பொருந்தியது, அலுமினிய மரையை அது தின்றுவிடும். ஹேண்டில் பாரைப் பிடிக்கும் போல்ட்டுகளின் அருகே எத்தனை நியூட்டன் மீட்டர் என்று பல வண்டிகளில் பொறித்தே இருப்பார்கள், பெரும்பாலும் 5 அல்லது 6 இருக்கும். எண்ணெய்க் கையோடு டிஸ்க்கைத் தொட்டால் பிரேக் கட்டை வீணாகும். ஹைட்ராலிக் பிரேக்கில் மினரல் ஆயில் கேட்பதற்கு கார் பிரேக்கில் ஊற்றும் டாட் திரவத்தை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். இடது பெடலின் மரை மட்டும் எதிர்த்திசை என்பது அங்கும் இங்கும் ஒன்றே.

கியருக்கு ஷிமானோ நிறுவனம் கடைக்காரர்களுக்கென்று வெளியிட்டிருக்கும் கையேடுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; டிப்ளமோ படித்த உங்களுக்கு அவற்றின் படங்களும் அளவுகளும் அச்சமூட்டாது. வண்டி வலப்பக்கமாக விழுந்து செயினைப் பல்சக்கரம் மாற்றும் டீரெய்லர் தொங்கும் காது வளைந்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பிறகு டீரெய்லர் இரு பக்கமும் எதுவரை போகலாம் என்று நிறுத்தும் எல்லைத் திருகாணிகள், கடைசியில்தான் கேபிளின் இழுப்பு. இந்த வரிசையை மாற்றிக் கேபிளோடு அரைநாள் மல்லுக்கட்டுகிறவர்கள் பல பேர். செயினில் 24 கணுக்கள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் நீண்டுவிட்டால் செயினை மாற்றலாம், 1/8 நீண்டுவிட்டால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். மின்சார சைக்கிளும் அந்தக் கடைக்கு வரக்கூடும். 250 வாட்டும் 25 கிலோமீட்டர் வேகமும் மீறாதவற்றுக்குப் பதிவு வேண்டியதில்லை என்பதால் பலர் வாங்குகிறார்கள். அதில் கனெக்டர்களையும் பிரேக் பிடியில் இருக்கும் சுவிட்சையும் சோதிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பேட்டரியைப் பிரிக்க வேண்டாம். மின்வேதியியலுக்கென்று 1953-ல் திறந்த மத்திய ஆய்வகமே காரைக்குடியில் இருக்கிறது என்பது, நாம் லித்தியம் பேட்டரியைத் திருப்புளியால் நோண்டிப் பார்ப்பதற்கான அனுமதி ஆகாது.

கட்டணப் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடன் வாங்கி இப்போதே போக வேண்டாம். ஆறு மாதம் கடையில் நின்ற பிறகு போனால் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். முதலாளி வண்டியைக் கொடுத்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். சக்கரத்தைச் சுழற்றி, பிரேக்கைப் பிடித்து, ஹேண்டிலை ஆட்டிப் பார்த்துவிட்டு, எதை இன்றே செய்ய வேண்டும், எதை அடுத்த முறைக்கு விடலாம், என்ன செலவாகும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். கானாடுகாத்தானில் விடுதி நடத்துகிறவர் விருந்தினருக்காக வைத்திருக்கும் சைக்கிள்களுக்கும், பிளஸ் ஒன் பிள்ளை கொண்டுவரும் அரசு இலவச சைக்கிளுக்கும் ஒரே பட்டியல் எழுதினால், பிள்ளையின் தந்தை மறுமுறை வரமாட்டார்.

அம்மாவிடம் ஒரு தகவல் சொல்லுங்கள். 1949-ல் தொடங்கி அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களைச் செய்த முருகப்பா குழுமத்தின் பூர்வீகம் உங்கள் பக்கத்து ஊரான பள்ளத்தூர்தான். இதனால் அவர் வருத்தம் தீரும் என்று நான் நினைக்கவில்லை. மாதச் சம்பளத்தைக் கண்ணில் பார்த்தால் ஒருவேளை தீரலாம். அதனால் ஆலை வேலையை இப்போது விடாதீர்கள். பெரியவரிடம் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வருவதாகப் பேசிக்கொள்ளுங்கள். காரைக்குடிக் கடையில் சேர்வதற்கு முன், பழகும் காலத்துக்குச் சம்பளம் எவ்வளவு, வேலையில் ஒரு பாகம் உடைந்தால் அதன் விலை யார் கணக்கில், கருவிகள் கடையுடையவையா உங்களுடையவையா என்ற மூன்றையும் வாய் திறந்து கேட்டுவிடுங்கள்.