சல்லிப் படுக்கையில் தண்ணீர் மேலே தேங்குகிறதா?

தம்பலகாமத்தில் ஆற்று வாய்க்காலோரம், நீரைச் சுத்திகரிக்கச் சல்லிப் படுக்கை போட்டுச் சம்பு நட்டீர்கள், ஆறு மாதத்தில் தண்ணீர் மேலே தேங்கி நுளம்பு பெருகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். செடியில் பிழை இல்லை. நீர் நுழையும் பக்கத்தில் முதல் ஒன்றிரண்டு மீற்றர் சேறு அடைத்திருக்கும். கிண்டிப் பாருங்கள், சல்லி கறுத்து அழுகிய முட்டை மணம் அடித்தால் அதுதான்.

முழுவதையும் பிரிக்க வேண்டாம். அந்தப் பகுதியை மட்டும் அள்ளிவிட்டு, 40 முதல் 80 மில்லிமீற்றர் வரையான பெரிய கல் போடுங்கள். அதற்கு முன்னால், மண் அடியில் படிய ஒரு படிவுத் தொட்டி கட்டாயம். மண் கலந்த நீரை நேரே விட்டு ஒரே மாரியில் பட்டுத் தெளிந்தவன் நான்.

படுக்கையின் அளவும் போதாது. நாளுக்கு 10 கன மீற்றர் நீர் சுத்தமாக 3 நாள் தங்க 30 கன மீற்றர் இடம் வேண்டும். சல்லிக்குள் வெற்றிடம் ஏறத்தாழ 40 வீதம்தான், ஆகவே படுக்கை 75 கன மீற்றர். ஆழம் 0.6 மீற்றர் என்றால் பரப்பு 125 சதுர மீற்றர். உங்களுடையது 40! இடத்தைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு நீரை மட்டும் விடுங்கள். கூட்டுவதென்றால் அகலத்தில் கூட்டுங்கள், அடைப்புக் குறையும்.

நுளம்புக்கு, நீர் வெளியேறும் குழாயில் திருப்பக்கூடிய எல்போ (வளைவுக் குழாய்த் துண்டு) ஒன்று போட்டு, நீர்மட்டத்தைச் சல்லியின் மேற்பரப்புக்கு 5 சென்ரிமீற்றராவது கீழே வையுங்கள். அப்புறம், ஐப்பசி மழைக்கு முன் வெள்ளம் விலகிப்போகப் பக்க வாய்க்கால் ஒன்றை வெட்டிவிடுங்கள்.