வழிகாட்டு நெறிகள் வெறும் அலங்காரமா? பட்டிமன்றத்துக்குச் சில குறிப்புகள்

வணக்கம். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் வழிகாட்டு நெறிகள், அதாவது ஆட்சியில் அரசு பின்பற்ற வேண்டிய கொள்கைகள், பயனுள்ளவை என்று நீங்கள் பேசும்போது எதிரணி "நீதிமன்றம் போக முடியாத உரிமையை எழுதி என்ன பயன்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். கேள்வி நியாயமானதுதான், மழுப்பாதீர்கள். அரசமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலேயே உறுப்பினர் கே.டி. ஷா, வங்கி தன் வசதிப்படி பணம் தரும் காசோலை இது என்று கிண்டலடித்தார். அரசமைப்பின் 37-வது பிரிவும் இந்த நெறிகளை நீதிமன்றத்தால் நிறைவேற்ற முடியாது என்றே சொல்கிறது. இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் கல்விக்கு வாருங்கள். உங்கள் பலம் அங்கேதான். 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுக்குள் தர அரசு முயல வேண்டும் என்றது இந்த நெறிகளில் ஒன்றான 45-வது பிரிவு. காலக்கெடு தாண்டியும் நடக்கவில்லை. ஆனால் அந்த வரி இருந்ததால்தான் 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைப் பிடித்துக்கொண்டு, கல்வியை வாழ்வுரிமையோடு சேர்த்தது. 2002-ல் 86-வது திருத்தம், கல்வியை அடிப்படை உரிமையாக்கும் 21ஏ பிரிவைக் கொண்டுவந்தது. அது 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அறுபதாண்டுத் தாமதம் வெட்கக்கேடுதான், அதையும் மறைக்க வேண்டாம்.

செண்பகம் துரைராஜன் வழக்கை (1951) எதிரணி எடுத்தால் தயங்காதீர்கள். அதில் வழிகாட்டு நெறிகளைவிட அடிப்படை உரிமையே மேல் என்று தீர்ப்பு வந்து, கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த சென்னை மாகாண வகுப்புவாரி ஆணை ரத்தானது உண்மை. அதே ஆண்டே அரசமைப்பின் முதல் திருத்தம், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4)-ஐச் சேர்த்ததையும் சொல்லுங்கள்.

நெறிகளை மதிக்காத அரசு தேர்தலில் வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற அம்பேத்கரின் வாதத்தைத் தொகுப்புரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.