மல்யுத்த விமர்சனம் வெறும் பட்டியலாகிவிடுகிறது: பதில்

வாராவாரம் எழுதும் மல்யுத்த விமர்சனம் யார் வென்றார், யார் தோற்றார் என்ற வெறும் பட்டியலாகிவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டிகளை ஒளிபரப்பான வரிசையில் எழுதாமல், அந்த வாரம் கதையை நகர்த்திய ஒரு போட்டியை முதலில் எடுத்து, அதற்கே பாதி இடத்தைக் கொடுங்கள்.

அமெரிக்காவின் திங்கள் இரவு மல்யுத்த நிகழ்ச்சியான ‘றோ’வைக் கிளிநொச்சியில் செவ்வாய்க் காலை நேரலையாகப் பார்த்தபடியே எழுதுவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், விமர்சனம் வெறும் பட்டியலாக முடிவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், ஏனெனில் அந்த வேகத்தில் யார் வென்றார் என்பது மட்டுமே குறிப்பில் தங்கும்.

எழுதியதில் வெற்றி தோல்விகளை வெட்டிவிட்டு வாசித்துப் பாருங்கள். எதிராளி முழங்காலையே குறிவைத்தாரா, அடிபட்டவர் கடைசிவரை நொண்டினாரா, அல்லது அடுத்த நிமிடமே கயிற்றின் மேலேறிப் பாய்ந்தாரா என்பவை எஞ்ச வேண்டும். முடிவு முன்பே தீர்மானிக்கப்படும் இக்கலையில் அந்த நொண்டலைத்தான் நான் முதலில் மதிப்பிடுவேன்.

யூடியூப் சுருக்கத்தை மட்டும் பார்த்த வாரத்தில் இந்த முறை உதவாது. போட்டியின் நடுப்பகுதி பெரும்பாலும் அதில் வெட்டப்பட்டிருக்கும்.