சிப்பி குளிக்கிறவன் அந்தமானில் ஸ்கூபா மையம் தொடங்கலாமா?

கேள்வி: எனக்குக் கடியபட்டணம். அப்பாவோடு சிப்பி குளிக்கப் போய்ப் பழகியவன். ஹேவ்லாக் தீவில் சொந்தமாக ஸ்கூபா டைவிங் மையம் தொடங்க ஆசை. கடல் தெரிந்தால் போதுமா?

தொடங்கலாம் தம்பி. ஆனால் சிப்பிக் குளியில் கைவந்த ஒரு பழக்கத்தை முதலில் விட வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது.

எனக்கு முட்டம். ஹேவ்லாக்கில் சின்னதாக ஒரு மையம் நடத்துகிறேன். 2018-இல் தீவின் பெயரை ஸ்வராஜ் த்வீப் என்று மாற்றினார்கள், ஆனாலும் வருகிறவர்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான்.

சிப்பிக்கு முங்குகிறவன் மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறான். பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, நெஞ்சிலுள்ள காற்று பாதியாகச் சுருங்கும். ஏறும்போது பழைய அளவுக்கே விரியும். ஸ்கூபாவில் அதே பத்து மீட்டரில் ரெகுலேட்டர் (முதுகிலுள்ள சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) தருவது அந்த ஆழத்து அழுத்தத்தில் உள்ள காற்று. அதை நெஞ்சு நிறைய இழுத்து, வாயை மூடிக்கொண்டு ஏறினால் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும். குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். இதற்குப் பெரிய ஆழமும் வேண்டாம், ஓராள் ஆழம் போதும்.

நம்ம பக்கத்துப் பையன் ஒருவனைப் பயிற்சிக்கு எடுத்தேன். கடலில் அவனுக்குப் பயமே கிடையாது. மூன்று மீட்டர் மணலில் மண்டியிட்டு, முகமூடியைக் கழற்றி மாட்டச் சொன்னேன். மூக்கில் தண்ணீர் ஏறியதும் வாயை இறுக்கிக்கொண்டு காலை உதைத்துக் கிளம்பிவிட்டான். கன்னம் உப்பியிருந்தது, ஒரு குமிழிகூட வெளியே வரவில்லை. தோள்பட்டையைப் பிடித்து நிறுத்தி, ரெகுலேட்டரை வாயோடு அழுத்திப் பிடித்து, அவன் கண்ணுக்கு நேரே என் குமிழிகளை விட்டுக் காட்டினேன். பிறகுதான் ஊதினான். படகில் ஏறியதும் சொன்னான்: "மூச்ச விடக் கூடாதுன்னுல்லா அப்பா சொல்லித் தந்தாவ." அவன் அப்பா சொன்னது சரிதான். அது அந்தத் தொழிலுக்கு. இன்று அவன் நல்ல டைவ்மாஸ்டர், வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போகிறவன். டிக்சன்ஸ் பினாக்கிள் என்று நாங்கள் முங்குகிற இடத்தில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று நங்கூரக் கயிறு சாய்வதைப் பார்த்தே சொல்லிவிடுவான். கடலடிப் பாரைச் (பாறைத் திட்டை) சுற்றியே வளர்ந்தவர்களுக்கு உள்ள இந்தக் கண்ணை எந்தப் படிப்பாலும் தர முடியாது.

இனி மையம். எல்லோரும் படகைப் பற்றிக் கேட்பார்கள், நான் சிலிண்டருக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரைப் பற்றிச் சொல்வேன். ஒரு சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று ஏற்ற வேண்டும். காற்றை உள்ளே இழுக்கும் குழாய் பக்கத்தில் ஜெனரேட்டர் புகை இருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் சேர்ந்தே சிலிண்டருக்குள் போகும். அதற்கு வாசனை கிடையாது, சுவாசித்தவருக்கு ஆழத்தில் போய்த்தான் தெரியும். காற்று திசை மாறினால் குழாயையும் மாற்ற வேண்டும். ஓடும்போது கால் மணிக்கொரு தடவை ஈரத்தை வடிக்க வேண்டும், ஃபில்டரை மணிக்கணக்கு எழுதிவைத்து மாற்ற வேண்டும். அவசரமாக ஏற்றினால் சிலிண்டர் சூடாகி முள் 200 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும். ஒரு வால்வோ ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையமோ தீர்ந்தால் சென்னையிலிருந்து வர வேண்டும், கப்பல் வரவே மூன்று நாள். அதனால் உதிரிப் பாகத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் நீச்சல் தெரியாமல் ஒரே ஒரு தடவை முங்கிப் பார்க்க வருகிறவர்கள். சளி பிடித்திருக்கும், முந்தின இரவு குடித்திருப்பார்கள், மறுநாள் காலை விமானம் இருக்கும். பல முறை முங்கியவர் 18 மணி நேரமாவது கழித்துத்தான் பறக்க வேண்டும். முடியாது என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வராதவர் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வருமானம் நவம்பரிலிருந்து மே வரை. கொளச்சலில் தடைக்காலத்துக்கு விசைப்படகுகள் கட்டிக் கிடக்கிற அதே ஜூன், ஜூலையில் அங்கேயும் மழைக்காற்றுதான். ஆள் சம்பளமும் குத்தகையும் மட்டும் நிற்காது. கரையோர நிலம் பெரும்பாலும் அங்கே குடியேறிய பெங்காலிக் குடும்பங்களுடையது, அவர்களோடு நல்ல உறவு இல்லாமல் ஒன்றும் நடக்காது. பவளம் 2010-இலும் 2016-இலும் கடல் சூட்டில் வெளுத்ததை அவர்களும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். கையுறை போட்டுக்கொண்டு பவளத்தைப் பிடித்து நிற்கிற வாடிக்கையாளரை நான் மேலே கூட்டிவந்துவிடுவேன்.

உடனே கடன் வாங்காதீர்கள். ஓபன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஸ்கியூ, டைவ்மாஸ்டர் என்று படித்து, ஒரு முழு சீசன் அடுத்தவர் மையத்தில் சிலிண்டர் தூக்குங்கள். அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்க்கத் தெரிந்தால் அங்கே பெரிய மதிப்பு, அதை ஊரிலேயே கற்றுக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் நாகர்கோவிலில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் செவிப்பறையைக் காட்டுங்கள். சின்ன வயதிலிருந்தே முங்குகிறவர்களில் சிலருக்கு அதில் பழைய ஓட்டை இருக்கும். இருந்தால் அது ஆறும்வரை பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம்.